வீடு ஏலத்துக்கு வருமுன்

கடன்பட்ட அங்கத்தினர்கள் அறிய வேண்டிய சட்ட வழிகள்

நெசவாளர் வீட்டில் தறி நிற்கும் இடம் போக எஞ்சிய இடத்திலேதான் குடும்பம் வசிக்கிறது. முன்கூடத்தில் தறிக்குழி, பின்கட்டில் அடுப்படி, இடையே பாவும் ஊடை நூலும் குழந்தைகளின் புத்தகங்களும். அத்தகைய வீடு கடனுக்காக ஏலம் போகுமானால் கூரையோடு தொழிலும் போய்விடுகிறது. சங்கம் நூல் கொடுக்கச் சித்தமாயிருந்தாலும் அதை நெய்வதற்கு இடமிராது. பயிர்த்தொழில் செய்வோர் நிலையும் ஏறக்குறைய இதுவே. விதை நெல்லும், கருவிகளும், மாட்டுக் கொட்டிலும் வீட்டை ஒட்டியே இருப்பதால், வீட்டை இழந்த குடியானவர் நிலம் கையிலிருந்தும் பயிர் செய்யத் தடுமாறுகிறார்.

ஆகவே, வீட்டை ஈடு காட்டிக் கடன் பெற்று, தவணை தவறி, நோட்டீஸும் பெற்றுவிட்ட அங்கத்தினர்களுக்குச் சட்டம் எந்தெந்த வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம். தணிக்கைக்கும் ஆய்வுக்கும் நாம் செல்லும் ஊர்களில், அலுவல் முடிந்து புறப்படும் வேளையில், அங்கத்தினர் சிலர் மடித்து வைத்த காகிதங்களைக் கொண்டுவந்து காட்டுவது உண்டு. அவற்றுள் பல, பதில் எழுத வேண்டிய நாள் கடந்துபோன காகிதங்கள்.

சட்டம் ஒவ்வொரு படியிலும் கடனாளிக்கு அவகாசம் தருகிறது. ஆனால் அந்த அவகாசம் காகிதத்தில் கண்ட தேதியிலிருந்து ஓடுகிறது. நாம் மனம் தேறிய நாளிலிருந்து ஓடுவதில்லை. நாள் தவறாமல் எழுத்து மூலம் பதில் கொடுத்தவருக்கு அடுத்த படியிலும் பேச இடமுண்டு. வாய்மூடி இருந்தவருக்கு ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வருகிறது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப்போவதன் சாரம் இவ்வளவே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாமலிருப்பதற்கு உபாயம் எதுவும் இங்கே இல்லை. பாங்கில் கடனாகப் போன பணம் வேறு யாரோ ஓர் அங்கத்தினர் மகள் திருமணத்துக்கென்று போட்டுவைத்த பணம். அதைத் திருப்ப வேண்டிய கடமையைச் சட்டம் எவருக்கும் தள்ளிவிடவில்லை. திருப்புவதற்கு நியாயமான காலமும், நியாயமான கணக்கும், வீட்டுக்கு நியாயமான விலையும் கேட்கும் உரிமையைத்தான் அது தந்திருக்கிறது.

கடன் கொடுத்தவர் யார்?

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதை அனுப்பியவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் அனுப்பினார் என்பதே. வீட்டு ஈட்டுக் கடனில் மூவகை உண்டு. பாங்குகளிடமும் வீட்டுக்கடன் நிறுவனங்களிடமும் பெற்றது ஒருவகை. பாங்கு அல்லாத கூட்டுறவுச் சங்கங்களிடம், உதாரணமாக வீட்டுவசதிச் சங்கங்களிடம் பெற்றது இரண்டாவது வகை. தனி நபரிடம் பெற்றது மூன்றாவது. இம்மூன்றுக்கும் சட்டம் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. பாங்கின் நடவடிக்கைக்கு எதிராகச் சிவில் கோர்ட்டுக்கு ஓடி, அங்கே மனு தள்ளுபடியாகி, அதற்குள் உரிய இடத்தில் முறையிடும் நாளையும் இழந்து நிற்பவர்கள் உண்டு.

பாங்குகள் இன்று பெரிதும் கையாள்வது 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தை. கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைச் சுவாதீனம் எடுத்து விற்கும் அதிகாரத்தை அது பாங்குகளுக்கு அளிக்கிறது. கூட்டுறவு பாங்குகளுக்கும் இந்த அதிகாரம் உண்டா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே, 'நம்முடைய கூட்டுறவு பாங்குதானே, கோர்ட்டுக்குப் போய் டிகிரி வாங்கினால் அல்லவா வருவார்கள்' என்று எண்ணியிருப்பது ஆபத்து.

பாங்கு அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 100 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துள்ள நிறுவனமாயிருந்து, கடனும் 20 லட்ச ரூபாய்க்குக் குறையாமலிருந்தால்தான் அவை இச்சட்டத்தைக் கையாளலாம். வீட்டுக் கடனுக்கென்றே பதிவு பெற்ற நிறுவனங்களின் நிலை வேறு. அவற்றுக்கு இந்த 20 லட்ச வரம்பைக் கொண்டு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

முதற்படி: 60 நாள் நோட்டீஸ்

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் பாங்கு அந்தக் கடனை வாராக்கடன் வரிசையில் சேர்க்கிறது. பயிர்க் கடனுக்கு மாத்திரம் கணக்கு வேறு. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் கடந்து நிலுவை நின்றாலே அது வாராக்கடன். அவ்வாறு சேர்த்த பிறகுதான் 13(2) பிரிவின்கீழ் நோட்டீஸ் வரலாம். நோட்டீஸின் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் முழுத் தொகையையும் செலுத்த வேண்டுமென்று அதில் கண்டிருக்கும். எவ்வளவு தொகை, எந்தச் சொத்து என்ற விவரமும் அதில் இருந்தாக வேண்டும்.

தபாலை வாங்க மறுத்தால் நோட்டீஸ் செல்லாது என்று சிலர் நம்புகிறார்கள். இது தவறு. வீட்டின் வெளிக் கதவில் ஒட்டியும் பத்திரிகையில் வெளியிட்டும் அதைச் சேர்ப்பிக்க விதிகளில் இடமுண்டு. தபாலை மறுத்தவர் நாட்களை இழப்பதோடு, ஊரார் கண்ணுக்கும் விஷயத்தைக் கொண்டுபோய்விடுகிறார்.

இந்த 60 நாட்களுக்குள் கடனாளி தம் ஆட்சேபங்களை எழுதி அனுப்பலாம். அதை ஏற்கவில்லையெனில், 15 நாட்களுக்குள் காரணம் காட்டி எழுத்தில் பதில் தர வேண்டிய கடமை பாங்குக்கு உண்டு. இது கடனாளிக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் உரிமை. ஒரு தபால் செலவு மாத்திரமே. என்ன எழுதலாம்? கட்டிய தவணை ஏதேனும் வரவு வைக்கப்படாமலிருந்தால் அதைச் சுட்டலாம். அசல், வட்டி, இதர கட்டணம் என்று பிரித்துக் கணக்கு கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு முதல், ரிசர்வ் பாங்கின் உத்தரவுப்படி, தவணை தவறியதற்காகக் கூடுதல் வட்டி போடக் கூடாது; நியாயமான கட்டணம் மாத்திரம் விதிக்கலாம்; அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடக் கூடாது. இதற்கு மாறாக இருந்தால் அதுவும் நல்ல ஆட்சேபமே. நோய், நெசவு வேலை நின்றுபோனது, மழை தவறியது போன்ற காரணங்களைச் சொல்லி, மாதம் எவ்வளவு கட்ட இயலும் என்று உருப்படியான யோசனையும் சேர்த்து எழுத வேண்டும். கடன் பெற்றவர் காலமாகியிருந்தால், கடனோடு ஆயுள் இன்ஷூரன்ஸும் எடுக்கப்பட்டதா என்று வாரிசுதாரர்கள் அவசியம் விசாரிக்க வேண்டும்.

கடிதத்தின் நகலையும், பாங்கு பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் அவசியம். மானேஜரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன் என்பது பிற்பாடு எந்த மன்றத்திலும் நிற்காது. மற்றொன்று: நோட்டீஸ் பெற்ற பின் பாங்கின் எழுத்து மூலமான சம்மதமின்றி அந்த வீட்டை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறொருவர் பெயருக்கு மாற்றவோ கூடாது.

இரண்டாம் படி: சுவாதீனமும் 45 நாட்களும்

60 நாட்கள் கழிந்தும் தொகை செலுத்தப்படாவிட்டால் பாங்கு சுவாதீன நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டுகிறது. ஏழு நாட்களுக்குள் அதை இரண்டு பத்திரிகைகளிலும் வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இது காகித அளவிலான சுவாதீனமே. குடும்பம் வீட்டிலேயே இருக்கும், பூட்டு மாற்றப்பட்டிராது. இதனால் பலர், 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். பெரும் பிழை நேர்வது இங்கேதான்.

இந்நடவடிக்கை எடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள், 17-ஆவது பிரிவின்கீழ்க் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். காகித அளவிலான சுவாதீனத்தின் மீதே மனுச் செய்யலாமென்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் தெளிவாக்கியிருக்கிறது. வீட்டைவிட்டு வெளியேற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. நமது மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் இத்தீர்ப்பாயங்கள் இருக்கின்றன.

சட்டம் வந்த காலத்தில், கேட்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனுவையே ஏற்பார்கள் என்றிருந்தது. அந்த நிபந்தனையை 2004-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று நீக்கியது. இன்று மனுவுக்குரிய கட்டணம் மாத்திரமே. கடன் தொகை 10 லட்சத்துக்குக் குறைவாயின் லட்சத்துக்கு 500 ரூபாய் வீதம். எனினும் இடைக்காலத் தடை வேண்டுமென்று கேட்டால், நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டும்படி தீர்ப்பாயம் நிபந்தனை விதிப்பது சகஜம். ஆகவே மனுவோடு கையில் சிறிது பணமும் சேர்த்து வைத்திருத்தல் விவேகம்.

நோட்டீஸ் முறைப்படி வரவில்லை, ஆட்சேபத்துக்குப் பதில் தரவில்லை, கணக்கு தவறு, இச்சட்டத்துக்கு உட்படாத சொத்து, விலைமதிப்பு முறையாகச் செய்யப்படவில்லை என்பன போன்ற குறைகளைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். நடவடிக்கை சட்டத்துக்கு மாறானது என்று கண்டால், சுவாதீனத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமுண்டு. மனுவை 60 நாட்களுக்குள், அதிகமாகப் போனால் 4 மாதங்களுக்குள் பைசல் செய்ய வேண்டுமென்பது சட்டத்தின் கட்டளை. தீர்ப்பு பாதகமானால் 30 நாட்களுக்குள் சென்னையிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே நிலுவையில் 50 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். காரணம் காட்டினால் 25 சதவீதம் வரை குறைப்பார்கள். சிறிய கடனாளிக்கு இது பெருஞ்சுமை. ஆகவே முதல் தீர்ப்பாயத்திலேயே காகிதங்களைச் சரிவரச் சேர்த்து வாதாடுவதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டை நேரில் கைப்பற்ற, பாங்கு 14-ஆவது பிரிவின்கீழ் ஜில்லா மாஜிஸ்டிரேட்டின் உத்தரவைப் பெறுவது வழக்கம். வசூல் ஏஜெண்டுகளை அனுப்பி மிரட்டுவது அதற்கு மாற்று ஆகாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கு 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. அத்துமீறல் நேர்ந்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத வேண்டும். தீராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடமும், மிரட்டலும் அடிதடியும் நேர்ந்தால் போலீசிலும் முறையிடலாம்.

மூன்றாம் படி: ஏலமும் மீட்புரிமையும்

ஏலத்துக்கு முன் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு வீட்டை மதிப்பிட்டு, குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும். கடனாளிக்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். முதல் ஏலம் கேட்பாரின்றி நின்றுபோய் மறு ஏலம் வைத்தால் 15 நாள் நோட்டீஸ் போதும்.

அங்கத்தினர்கள் இங்கே மிகவும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏலம் கூறி முடியும் தருணம் வரை பணத்தைக் கொண்டுபோய்க் கட்டி வீட்டை மீட்கலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. பழைய நாளில் அதற்கு ஆதாரமும் இருந்தது. ஆனால் 2016-ஆம் ஆண்டில் சர்பாசி சட்டம் திருத்தப்பட்டது. இன்று, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பாகவே நிலுவை முழுவதையும் செலவுகளுடன் கட்டினால்தான் மீட்புரிமை. அறிவிப்பு வெளியான பிறகு அந்த உரிமை இல்லையென்று சுப்ரீம் கோர்ட் 2023-இல் உறுதியாகக் கூறிவிட்டது. ஏலத்தன்று காலையில் நகையை விற்றுப் பணத்துடன் ஓடுவதில் பயனில்லை. ஒரு மாதம் முன்பே ஓடியிருக்க வேண்டும்.

நாள் கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம் தருகிறோம். நோட்டீஸின் தேதி ஜூன் 1 என்று கொள்வோம். ஜூலை 31-உடன் 60 நாட்கள் முடிகின்றன. ஆட்சேபக் கடிதம் அதற்குள், கூடுமானவரை முதல் இரண்டு வாரங்களிலேயே, போய்ச் சேர வேண்டும். ஆகஸ்ட் 10-இல் சுவாதீன நோட்டீஸ் ஒட்டப்பட்டால், தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும் கடைசி நாள் செப்டம்பர் 24. ஏல அறிவிப்பு அக்டோபர் 6-இல் வெளியாகுமானால், மீட்புரிமை அக்டோபர் 5-உடன் முடிகிறது. ஏலம் நவம்பரில்தான் என்பதால் நவம்பர் வரை அவகாசம் உண்டென்று எண்ணக் கூடாது. இந்தத் தேதிகளை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைப்பது நன்று.

ஏலத்தில் கிடைத்த பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சியது வீட்டுக்காரருக்கே உரியது. கேட்டுப் பெற வேண்டும். போதாமல் போனால் குறையை மேலும் வசூலிக்கப் பாங்குக்கு வழியுண்டு. ஜாமீன் கையெழுத்திட்டவரும் கடனாளிக்குச் சமமாகப் பொறுப்பாளியே என்பதைத் தறிக்கூடத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்போர் மறத்தலாகாது.

இச்சட்டம் தொடாத சொத்துக்கள்

சர்பாசி சட்டத்தின் 31-ஆவது பிரிவு சிலவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஈட்டின்மேல் நிற்கும் கடன் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் இச்சட்டம் பொருந்தாது. நிலுவை, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாயிருந்தாலும் பொருந்தாது. கடனைப் பெரும்பாலும் அடைத்துவிட்டுக் கடைசித் தவணைகளில் திண்டாடுவோர்க்கு இது ஒரு காப்பு.

விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்கும் விலக்கு உண்டு. ஆனால் சிட்டாவில் புஞ்சை என்று எழுதியிருப்பது மாத்திரம் போதாது; உண்மையில் பயிர் நடந்த நிலம் என்பதைக் கடனாளியே நிரூபிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அடங்கல், தண்ணீர்த் தீர்வை ரசீது, பயிர் இன்ஷூரன்ஸ் காகிதம் ஆகியவற்றைச் சேமித்து வைத்திருப்போர்க்கு இது எளிது. குடியிருக்கும் வீட்டுக்கு அத்தகைய விலக்கு இல்லை. தறி நிற்கும் வீடு என்பதும் விலக்குக்குக் காரணமாகாது. வருந்தத்தக்கதே, ஆயினும் சட்டம் அவ்வாறு இருக்கிறது.

விலக்கு என்றால் கடன் தள்ளுபடி என்று பொருள் கொள்ளலாகாது. பாங்கு கோர்ட்டு வழியாக வர வேண்டும் என்பதே பொருள்.

சங்கக் கடனும் தனியார் கடனும்

பாங்கு அல்லாத கூட்டுறவுச் சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் எழும் கடன் தாவா, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்கீழ் நடுத்தீர்ப்புக்கு வருகிறது. சம்மன் வந்தால் தவறாமல் ஆஜராகி, எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்து, தவணை கேட்கலாம். ஆஜராகாதவர் மீது ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறக்கும். அது கோர்ட்டு டிகிரி போலவே நிறைவேற்றப்படும். உத்தரவில் குறை இருந்தால் 152-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு உண்டு.

தனி நபரிடம் வீட்டை ஈடு வைத்தவருக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே அரண். அச்சட்டத்தின் 60-ஆவது பிரிவு, பணத்தைக் கொடுத்து ஈட்டை மீட்கும் உரிமையை அளிக்கிறது. அவ்வுரிமையைப் பறிக்கும் வாசகத்தைப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. கடன் கொடுத்தவர் சாதாரண அடமானத்தின்மேல் வழக்குப் போட்டால், கோர்ட்டு முதலில் பூர்வாங்க டிகிரி கொடுத்து, பணம் கட்ட வழக்கமாக ஆறு மாதம் வரை அவகாசம் தரும். ஏலம் நடந்த பிறகுங்கூட, அது ஊர்ஜிதமாகுமுன், முழுத் தொகையோடு ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதமும் சேர்த்துக் கட்டினால் வீட்டை மீட்கலாம். பணத்தை வாங்கிக்கொள்ள அவர் மறுத்தால் 83-ஆவது பிரிவின்கீழ்க் கோர்ட்டிலேயே கட்டிவிடலாம். வட்டி அநியாயமாயிருந்தால், 2003-ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வகை செய்கிறது.

இவ்வளவு பாதுகாப்பும் பத்திரம் அடமானப் பத்திரமாக இருந்தால்தான். கடனுக்கு ஈடென்று சொல்லி, கிரயப் பத்திரமோ, கிரய அக்ரிமெண்டோ, பவர் பத்திரமோ எழுதி வாங்கும் வழக்கம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. பணத்தைத் திருப்பினால் வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்பது வாய்ச்சொல்லாக நிற்கிறது. அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்படாவிட்டால் அதை அடமானமென்று கொள்ள 58-ஆவது பிரிவு இடம் தரவில்லை. ஆகவே கடனுக்காகக் கிரயம் எழுதாதீர். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர். எழுதிய பத்திரம் எதுவாயினும் ரிஜிஸ்தர் ஆபீசில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சமரசம், சொந்த விற்பனை, இலவச சட்ட உதவி

தீர்ப்பாயம், கோர்ட்டு இவற்றுக்கு முன்பும், இவை நடக்கும்போதும், சமரசத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. தவணையை நீட்டிக்கும்படியோ, ஒரே தடவையில் இவ்வளவு என்று பேசித் தீர்க்கும்படியோ கேட்கலாம். ஆனால் ஒருமுறைத் தீர்வு கடனாளியின் உரிமையன்று. அதைக் கொடுக்கும்படி பாங்கைக் கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாதென்று, ஒரு கூட்டுறவு பாங்கின் வழக்கிலேயே, சுப்ரீம் கோர்ட் 2021-இல் தீர்ப்பளித்தது. ஆகவே தீர்வு கிடைத்தால் அதன் நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, குறித்த நாளில் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பழைய தொகை முழுவதும் தலைமேல் வந்து நிற்கும்.

எவ்வகையிலும் கட்ட இயலாதென்று தோன்றினால், பாங்கின் சம்மதத்தை எழுத்தில் பெற்று நாமே வாங்குவோரைத் தேடி விற்பது, ஏலத்துக்கு விடுவதைவிட மேலானது. ஏல வீடு என்ற பெயர் வந்துவிட்டால் வாங்குவோர் விலையைக் குறைத்தே கேட்பர். பெரிய வீட்டை விற்றுக் கடனடைத்து, மிஞ்சியதைக் கொண்டு தறி போடும் அளவுக்குச் சிறிய இடம் பார்த்துக்கொண்டவர் தோற்றவர் ஆகார்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று கலங்குவோர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உதவுகிறது. ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவர். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வீடு மனைவி பெயரிலிருந்தால், அல்லது கடனில் அவரும் கையெழுத்திட்டிருந்தால், அவரே மனுச் செய்யலாம். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே இதற்கு அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசி மூலமும் கேட்கலாம். வழக்கு எழுமுன்பே கடன் தாவாவை லோக் அதாலத்தில் வைத்துப் பேசித் தீர்க்கலாம். அங்கே ஒப்புக்கொண்ட தீர்வு கோர்ட்டு டிகிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. ஆகவே கட்டக்கூடிய தொகைக்கு மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடன் தீர்ந்த பின் 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைப் பாங்கு திருப்பித் தந்தாக வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென்பது 2023 டிசம்பர் முதல் அமலில் உள்ள ரிசர்வ் பாங்கு உத்தரவு.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை

கூட்டுறவு இயக்கம் இந்நாட்டில் 1904-ஆம் ஆண்டின் சட்டத்தோடு தோன்றியதே கடன் சுமையை முன்னிட்டுத்தான். 1929-இல் சென்னையில் அமைந்த மத்திய நில அடமான பாங்கு முதல் ஆண்டுகளில் கொடுத்த கடனில் பெரும்பகுதி, லேவாதேவிக்காரரிடம் மூழ்கவிருந்த நிலங்களை மீட்பதற்கே சென்றது. மீட்பதற்கென்று பிறந்த இயக்கத்தின் பாங்குகள் கையில் இன்று கோர்ட்டின்றி விற்கும் அதிகாரமும் இருக்கிறது. பாங்கு நிலைக்க அந்த அதிகாரம் தேவையாயிருக்கலாம். ஆனால் அதைக் கடைசியாக எடுப்பதா, முதலிலேயே எடுப்பதா என்பது நிர்வாகிகள் கையில் இருக்கிறது. அங்கத்தினரின் ஆட்சேபக் கடிதத்துக்கு அச்சடித்த ஒரே பதிலை அனுப்பாமல், அவர் கணக்கை ஒருமுறை திறந்து பார்த்துப் பதில் எழுதும் பாங்கே கூட்டுறவு பாங்கு என்ற பெயருக்கு உரியது.

ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றுண்டு. கூலி பட்டுவாடா செய்யும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, அங்கத்தினர் எவருக்கேனும் பாங்கு நோட்டீஸ் வந்திருந்தால் காரியதரிசியோ படித்த அங்கத்தினர் ஒருவரோ அதை வாசித்துக் காட்டி, தேதிகளைக் குறித்துக் கொடுத்து, பதில் எழுத உதவலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. கடன்பட்டதை வெட்கமென்று கருதி ஒளிக்கும் வழக்கம் இதனால் குறையும்.

அங்கத்தினர்களுக்கு நாம் சொல்வதும் இதுவே. நோட்டீஸை ஒளிக்காதீர்கள்; அன்றே பிரியுங்கள்; தேதியைப் பாருங்கள்; ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும் வரை கடனை அடைக்க வழியுண்டு. அது ஓய்ந்துவிடாமல் காத்துக்கொள்ளும் அவகாசம், வந்திருக்கும் அந்தக் காகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.